ஃபீஸ் கட்டுமுன் ஒரு குத்து வாங்கிப் பாருங்கள்

போன மாதம் தற்காப்புக் கலை வகுப்புகளைப் பற்றி ஒரு வரி எழுதித் தொலைத்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை முழுக்க அதுதான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஒன்பது வயது மகன் இரண்டு வருடமாகக் கராத்தே போகிறான். பிரவுன் பெல்ட். பிளாக் பெல்ட் டெஸ்டுக்கு மாஸ்டர் 8,500 ரூபாய் கேட்கிறார். போன வாரம் பள்ளியில் ஒரு பையன் சட்டையைப் பிடித்துத் தள்ள, இவன் மரம் மாதிரி நின்றுவிட்டு அழுதுகொண்டே வந்தான். பணம் கட்டட்டுமா?
— ஒரு தாய், தாம்பரம்

கட்டாதீர்கள் அம்மா. பையனையும் திட்டாதீர்கள். இந்த இரண்டு வருடத்தில் வகுப்பில் யாராவது அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்களா என்று அவனிடமே கேளுங்கள். வரிசையில் நின்று காற்றைக் குத்தியிருப்பான், எதிராளி இல்லாமல் தனியாகப் போடும் அடிவரிசையான கட்டா போட்டிருப்பான். பிடித்தவனை என்ன செய்வதென்று யாரும் பழக்கவில்லை என்றால் அவன் நிற்காமல் என்ன செய்வான்?

இந்த பெல்ட் வியாபாரம் எனக்குப் பழைய எரிச்சல். 1882-ல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, மாணவர்களில் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று பார்த்ததும் தெரிவதற்காகக் கறுப்புப் பட்டையைக் கொண்டுவந்தார். கராத்தே அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. முதல் கறுப்புப் பட்டைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'ஷோதான்', அதாவது ஆரம்பப் படி. நம் ஊரில் அதையே பட்டமளிப்பு விழா ஆக்கி, மாலை போட்டு, ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் எத்தனை நிறமோ அத்தனை டெஸ்ட், அத்தனை ஃபீஸ். புது பெல்ட், சர்டிஃபிகேட், குரூப் போட்டோ எல்லாம் தனி. சேரும்போது மாதம் 800 என்று மட்டும்தான் காதில் விழும். பாடம் நடத்துகிறவரே பரீட்சை வைத்து, அவரே பாஸ் போட்டு, பாஸ் போட்டதற்கும் காசு வாங்குகிற டியூஷனுக்கு நீங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா? வெள்ளையிலிருந்து கறுப்பு வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தராதவரிடம் சேர்க்காதீர்கள். கல்லூரி நாட்களில் மூன்று நிறம் வாங்கினவன் சொல்கிறேன். மூன்றும் அலமாரியில் ஜமுக்காளம் கட்டத்தான் உதவின.

ஆன்லைனில் 399 ரூபாய்க்கு பாக்ஸிங் கிளவுஸ் வாங்கினேன். இரண்டே வாரத்தில் தையல் பிரிந்துவிட்டது. 'நோ ரிட்டர்ன்' என்கிறார்கள். எத்தனை அவுன்ஸ் என்று கவனிக்கவில்லை.
— கோயம்புத்தூர்

கிளவுஸின் எடையைச் சொல்லும் அவுன்ஸே பார்க்காமல் வாங்குவது நம்பர் பார்க்காமல் செருப்பு வாங்குவது போல. ஆளோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்ய 14 அல்லது 16 அவுன்ஸ் வாங்குங்கள். பழுதான பொருளை 'திரும்பப் பெற மாட்டோம்' என்பது செல்லாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அடுத்த தடவையாவது கண்ணைத் திறந்து வாங்குங்கள்.

அலுவலகத் தோழிகளோடு மூன்று மணிநேரத் தற்காப்புப் பயிலரங்குக்குப் போனேன். 2,500 ரூபாய். கத்தியைப் பிடுங்கும் உத்தி சொல்லித் தந்தார்கள். வீட்டில் தம்பியிடம் முயன்றால் வரவில்லை. நான் சரியாகக் கற்கவில்லையா?
— சோழிங்கநல்லூர்

நீங்கள் சரியாகத்தான் கற்றீர்கள். சரக்குதான் மோசம். அங்கே கத்தி பிடித்தவர் ஒரு முறை குத்திவிட்டு, நீங்கள் கையைப் பிடிக்கும்வரை சிலை மாதிரி நின்றிருப்பார். நிஜத்தில் கத்திக்காரன் குத்திக் குத்தி எடுப்பான். 1983-ல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் கணக்கெடுத்து எழுதினார்: கத்தியோடு 21 அடி தள்ளி நிற்பவன் ஒன்றரை வினாடியில் உங்கள் மேல் வந்து விழுந்துவிடுவான்.

இனி எந்தப் பயிலரங்குக்குப் போனாலும் பழைய வெள்ளைச் சட்டையும் ஒரு சிவப்பு மார்க்கரும் கொண்டுபோங்கள். மார்க்கரை உங்கள் தோழியிடம் கொடுத்து, 'நிஜமாகவே குத்து' என்று சொல்லி, மாஸ்டரைப் பிடுங்கச் சொல்லுங்கள். சட்டையை அவருக்கே போட்டுவிடுங்கள். மீதியைச் சட்டை சொல்லும்.

பெப்பர் ஸ்ப்ரே வாங்கி நாலு வருடம் ஆகிறது. இன்னும் வேலை செய்யுமா?
— திருச்சி

டப்பாவில் காலாவதி தேதி இருக்கும், பாருங்கள். எதிர்க்காற்றில் அடிக்காதீர்கள்.

தெருச்சண்டை என்று வந்தால் எது கைகொடுக்கும்? சிலம்பமா, குங்ஃபூவா, பாக்ஸிங்கா, ஜூடோவா? பார்த்துப் பணம் கட்டலாம் என்றிருக்கிறேன்.
— கல்லூரி மாணவர், மதுரை

கலையின் பெயரைப் பார்த்துக் கட்டாதீர்கள் தம்பி. வகுப்பில் எதிராளி விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நிற்கிறானா என்று பாருங்கள். 1993-ல் அமெரிக்காவின் டென்வரில் வெவ்வேறு கலைக்காரர்கள் மோதும் யு.எஃப்.சி. போட்டி முதன்முதலாக நடந்தபோது எடைப்பிரிவே கிடையாது. ஜெயித்த ராய்ஸ் கிரேசி பார்வைக்கு ஒல்லி ஆள். எதிர்த்துத் திமிறுகிறவனை அமுக்கிப் பழகிய ஜியு-ஜிட்ஸுக்காரர். 2017-ல் சீனாவின் செங்டுவில் ஒரு தாய்ச்சி மாஸ்டர், எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) வீரர் ஷூ சியாவ்டோங்கிடம் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதற்காகச் சீனக் கலை எல்லாம் சோடை என்று ஆகாது. அதே நாட்டு சான்டா என்ற சண்டைக் கலையில் உதைத்து, தூக்கிப் போட்டுத்தான் பழகுகிறார்கள். சிலம்பமும் அப்படியே. தனியாகக் கம்பு சுற்றும் தனிச்சுற்று மட்டுமா, எதிராளியைக் கம்பால் தொடும் தொடுமுறையும் உண்டா என்று கேளுங்கள். டவுன் பஸ்ஸில் கம்போடு ஏற முடியாதுதான். ஆனால் கால் வரிசையும் தூரக் கணக்கும் கம்பு இல்லாமலும் கூட வரும்.

சரி, ஸ்பாரிங் பழகிவிட்டால் தெருவில் ஜெயித்துவிடலாமா? ரிங்கில் எதிரே ஒரே ஆள், கீழே மெத்தை, நிறுத்த நடுவர். தெருவில் அவன் கூட்டாளி எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியாது, கீழே சிமெண்டு. ஒரே குத்தில் சாய்ந்து பின்மண்டை அடிபட்டால் உயிரே போகும். தற்காப்பு உரிமை நம் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 35-ம் பிரிவில் இருக்கிறது. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்று 37-ம் பிரிவும் கூடவே இருக்கிறது.

என் கதையும் உண்டு. முப்பது வருடம் முன்பு ஒரு பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என் காலரைப் பிடித்தான். நான் அப்போது மூன்று பெல்ட் வாங்கியவன். 'வர்ம ரகசியம்' என்று தபாலில் வந்த கேசட்டுகளுக்கு 600 ரூபாய் அழுதவன். ஒரு வர்மமும் நினைவுக்கு வரவில்லை. வாய் உலர்ந்தது, காது அடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு குத்து விட்டேன். அவன் நெற்றியில் பட்டது. அவன் சிரித்தான். எனக்குச் சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டு. வெறும் முஷ்டியால் மண்டையில் குத்துகிறவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்பு அது என்று டாக்டர்தான் சொன்னார். கேசட் விற்றவர் அதைச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் பாக்ஸிங்கோ ஜூடோவோ போய் நாலு அடி வாங்கிப் பாருங்கள். அடி விழுந்தால் உடம்பு எப்படி உறைகிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு காலரைப் பிடிக்க வருகிறவனைக் கண்டால் இடத்தைக் காலி செய்யத் தோன்றும்.

ஒரு கோச்சுக்காகவே எம்.எம்.ஏ. ஜிம்மில் வருடத்துக்கு 36,000 கட்டினேன். இரண்டாவது மாதம் அவர் விலகிவிட்டார். இப்போது இருப்பவர் டிரெட்மில் ஓடச் சொல்கிறார். ஸ்பாரிங்கே இல்லை. 'ஃபீஸ் திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் இருக்கிறதாம்.
— கூரியர் ஊழியர், சேலம்

உங்கள் கடிதம் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. அது எத்தனை பார்சல் சுமந்த காசு என்று எனக்குத் தெரியும். ரசீதில் அச்சடித்துவிட்டதால் மட்டும் அது சட்டம் ஆகிவிடாது. விளம்பர நோட்டீஸ், கோச் படம் போட்ட வாட்ஸ்அப் செய்தி, பணம் கட்டிய ஆதாரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மீதிப் பத்து மாதத்துக்கான 30,000 ரூபாயைக் கேட்டு, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். தராவிட்டால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். ஜிம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

விரலில் மாட்டும் இரும்பு வளையம் ஆன்லைனில் கிடைக்கிறது. பாதுகாப்புக்கு வாங்கலாமா?
— திருநெல்வேலி

வேண்டாம். சண்டையை ஆரம்பித்தது யாராக இருந்தாலும், ஸ்டேஷனில் முதலில் மேசைக்கு வருவது அந்த வளையம்தான்.

வாடகை வீடு. 40 கிலோ பஞ்சிங் பேக் வாங்க ஆசை. ஃபேன் கொக்கியில் மாட்டினால் தாங்குமா?
— ஆவடி

தாங்காது. கொக்கி சும்மா தொங்குகிற ஃபேனுக்காகப் போட்டது. பை ஒவ்வொரு குத்துக்கும் ஆடி இழுக்கும். நான் மாட்டினேன். நாலாவது நாள் கொக்கியோடு கூரைப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் 6,000 பிடித்துக்கொண்டார். பை இன்னும் பரணில்தான் கிடக்கிறது. ஸ்டாண்டு வாங்குகிற உத்தேசம் இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன். இறக்குவதற்கு மட்டும் இரண்டு பேராக வாருங்கள்.