அம்பு முனை, மண்டையோடு, புற ஊதா டார்ச்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்துத் தெரு கராஜ் சேலில் நான்கு துணி பேட்ஜ்கள் 40 டாலருக்குக் கிடைத்தன. 'யுஎஸ்ஏ – கனடா' என்று எழுதிய சிவப்பு அம்பு முனை. குறுவாளும் மூன்று மின்னல்களும் உள்ள நீலப்பச்சை அம்பு முனை. கறுப்பில் மஞ்சள், சிவப்புக் கோடு போட்ட சிறு கேடயம். பச்சைத் தொப்பி மாட்டிய மண்டையோடு. எல்லாமே வியட்நாமில் காட்டுக்குள் அணிந்துபோனவை என்றார் விற்றவர். புற ஊதா டார்ச் அடித்தால் கேடயம் மட்டும் பளிச்சென்று ஒளிர்கிறது. அதுதான் போலியா? அழுக்கைத் துவைக்கலாமா?

பதில்: துவைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் சிவப்பு அம்பு முனை. அது வியட்நாமுக்குப் போயிருக்க வாய்ப்பே இல்லை. அமெரிக்கர்களும் கனடியர்களும் கலந்திருந்த 'முதல் சிறப்புச் சேவைப் படை'யின் தோள் சின்னம் அது. 1942 ஜூலையில் மொன்டானா மாநிலத்தில் தொடங்கிய படை, 1944 டிசம்பரில் பிரான்சில் கலைக்கப்பட்டுவிட்டது. 'கிரீன் பெரே' (பச்சைத் தொப்பி) என்று அழைக்கப்படும் இன்றைய அமெரிக்க ராணுவச் சிறப்புப் படைகள் தங்கள் மரபை அதிலிருந்தே எண்ணுகின்றன. அம்பு முனை வடிவமும் அங்கிருந்துதான் வந்தது. ஆகவே விற்றவர் கதை முதல் பேட்ஜிலேயே இடறிவிட்டது. அவர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. அவருக்கு யாரோ சொன்னதை உங்களுக்குச் சொல்லியிருப்பார்.

நீலப்பச்சை அம்பு முனை அந்த கிரீன் பெரே படைகளின் தோள் சின்னம். 1955இல் அங்கீகாரம் பெற்றது. அதன் தலைமேல் வரும் 'ஏர்போர்ன்' பட்டை 1958இல் சேர்ந்தது. அதற்கும் மேலே 'ஸ்பெஷல் ஃபோர்சஸ்' என்ற பட்டையும் சேர்த்தே நெய்யப்பட்டிருந்தால் குழப்பம் வேண்டாம்: அந்தப் பட்டை அதிகாரபூர்வமானது 1983இல்தான், எனவே அது வியட்நாம் காலத்தது அல்ல.

இப்போது உங்கள் கேடயம். பெரே தொப்பியில் தைக்கும் இதை 'ஃபிளாஷ்' என்பார்கள். கறுப்பு, கிரீன் பெரே படைகளில் ஒன்றான ஐந்தாம் குரூப்பின் நிறம்; மஞ்சளும் சிவப்பும் தென் வியட்நாம் கொடியின் நிறங்கள். கோடுகள் 1964இல் சேர்ந்தன, 1985இல் எடுக்கப்பட்டன, 2016இல் திரும்ப வந்தன. பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி வருடத்தில்தான். கோடு இருக்கிறது, எனவே வியட்நாம் காலம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். போன வருடம் கடையில் வாங்கிய ஃபிளாஷிலும் அதே கோடுதான் இருக்கும். அது போலியும் அல்ல, பழையதும் அல்ல.

டார்ச் விஷயத்துக்கு வருவோம். செயற்கை இழைகளிலும், போருக்குப் பின் பரவலான சலவைத்தூள்களிலும் வெண்மை கூட்டும் ரசாயனம் உண்டு, ஒளிர்வது அதுதான். 1943இல் செய்த அசல் பருத்திச் சின்னத்தை ஒரு பாட்டி 1975இல் சலவைத்தூள் போட்டு அலசியிருந்தால் அதுவும் ஒளிரும். பருத்தி நூலில் நேற்று தைத்த போலி ஒளிராது. ஆகவே ஒளிர்கிறதா என்பதைவிட எப்படி ஒளிர்கிறது என்று பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே சீராக மங்கலாக மின்னினால் சலவையாக இருக்கலாம். ஒரு நிற நூல் மட்டும் தனியாகப் பளிச்சிட்டால் அந்த நூலையே சந்தேகியுங்கள். இரண்டாம் உலகப் போர்ச் சின்னத்தில் அது கெட்ட செய்தி. 1960களின் கேடயத்துக்கு அந்த அளவு அல்ல.

டார்ச்சைவிட நான் நம்புவது பின்பக்கத்தை. முகத்தைப் போலி செய்பவர்கள் முதுகில் சோம்பல் படுவார்கள். அணிந்த சின்னத்தின் விளிம்பில் தையல் ஊசித் துளைகள் இருக்கும், பிரித்த நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும். வெயில் படாத முதுகில் நிறம் முகத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு என்றால் முகர்ந்து பாருங்கள். டீத்தண்ணீரில் முக்கியெடுத்துப் 'பழசாக்குவது' இன்றும் நடக்கிற வேலை. விளிம்பையும் கவனியுங்கள்: பழையவற்றைப் பெரிய துணியில் தைத்துக் கத்தரித்திருப்பார்கள், ஓரம் தட்டையாக இருக்கும். கயிறு போல உருண்டு தடித்த 'மெரோ' விளிம்பு 1960களின் பிற்பகுதியில்தான் பரவலானது. உங்கள் சிவப்பு அம்பு முனைக்கு அப்படி விளிம்பு இருந்தால் அது போர்க்காலத்தது அல்ல. முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருந்தாலும் அப்படியே.

மண்டையோடுதான் இருப்பதிலேயே சிக்கல். இது வியட்நாம் போரில் இயங்கிய எம்ஏசிவி-எஸ்ஓஜி என்ற அமெரிக்க ரகசியப் பிரிவின் பாணி. 1964இல் தொடங்கி 1972இல் கலைந்த பிரிவு அது. அங்கே 'கலிஃபோர்னியா', 'பைத்தான்' என்றெல்லாம் பெயர் வைத்த உளவுக் குழுக்கள் தங்களுக்கென்று சின்னம் தைத்துக்கொண்டன. தைத்தது உள்ளூர் தையல்காரர்கள். எனவே கோணல்மாணலாக இருப்பது குறை இல்லை, இரண்டு பேட்ஜ் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருப்பதுதான் உறுத்தும். ஆனால் லாவோஸ் எல்லை தாண்டும்போது எந்த அடையாளமும் இல்லாமல்தான் போனார்கள். காட்டுக்குள் அணிந்துபோனது என்று யாராவது சொன்னால் விலையை ஏற்றாதீர்கள், இறக்குங்கள். இந்த வகையில் அசலைவிடப் போலியே அதிகம் புழங்குகிறது. கைக்கு வந்த வழியைக் காட்டும் படமோ கடிதமோ இல்லாமல் பெரிய தொகை கொடுப்பது வீண்.

உங்கள் 40 டாலருக்கு நஷ்டம் இல்லை. அசலா இல்லையா என்று தெரியும்வரை பசை போட்டு ஆல்பத்தில் ஒட்ட வேண்டாம். பிவிசி உறைகளும் ஆகாது, நாளாக ஆகப் பிசுபிசுக்கும். அமிலமற்ற காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக்கூடாது. அடித்தள அறை வேண்டவே வேண்டாம், ராமபாணப் பூச்சி அங்கே குடியிருக்கும்.