கல்சியக் குளிசைக்குப் பயந்த அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. கட்டி என்று போன ஆடியில் இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை என்று அறிக்கை வந்தது. கிளினிக்கில் கல்சியக் குளிசை தந்தார்கள். கல்சியம் சூலகக் கலங்களை வளர்க்கும் என்று தம்பி எங்கோ வாசித்துச் சொன்ன நாளிலிருந்து அம்மா குளிசையைத் தொடுவதில்லை. குரக்கன் கூழும் வேண்டாமாம்.
- வாசகி, சுன்னாகம்

பதில்: தம்பி வாசித்தது பொய்யில்லை, பிள்ளை. மாதாமாதம் முட்டை வெளியேறும்போது சூலகத்தின் மேற்பரப்பு கிழிகிறது. அங்குள்ள கலங்கள் பெருகித்தான் அந்தக் காயத்தை மூடுகின்றன. அவற்றை ஆய்வுகூடத் தட்டில் வளர்த்து, சுற்றியுள்ள திரவத்தில் கல்சியத்தைக் கூட்டியபோது கூடுதலாகப் பெருகின.

ஆனால் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறுவதைப் பார்த்திருப்பீர்களே. வாய்க்கால் முட்ட ஓடினாலும், மண்வெட்டியால் வரம்பை வெட்டிவிட்டால்தான் பாத்திக்குள் தண்ணீர் பாயும். நிறைந்ததும் ஒரு வெட்டு மண்ணை இழுத்து அடைத்துவிடுவார்கள். கலத்துக்கு வெளியே இருக்கும் கல்சியம் உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு. ஓமோன் போன்ற ஒரு சைகை வந்து மென்சவ்வில் ஒட்டினால் வாயில்கள் கொஞ்ச நேரம் திறக்கும். கலம் தனக்குள்ளே பதுக்கி வைத்த கல்சியமும் அவிழும். கல்மொடுலின் என்ற புரதம் அதைப் பிடித்து, கலத்தை இரண்டாகப் பிரியச் சொல்லும் கட்டளையை மற்றப் புரதங்களுக்குக் கடத்தும். பிறகு பம்பிகள் கல்சியத்தை இறைத்து வெளியேற்றிவிடும். பல புற்றுக் கலங்களில் குழம்பிப்போயிருப்பது இந்தத் திறப்பும் அடைப்பும்தான்.

குளிசையால் அந்த வரம்பை வெட்ட முடியாது. கழுத்தில், தைரொயிட்டுக்குப் பின்னால், அரிசியளவில் நான்கு சுரப்பிகள் காவலிருந்து, குருதிக் கல்சியத்தை டெசிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் வைத்திருக்கின்றன. ஆய்வுகூடத் தட்டுக்கு அந்தக் காவல் கிடையாது.

அம்மாவுக்கோ இப்போது சூலகமே இல்லை. எனக்குப் பயம் எலும்பைப் பற்றித்தான். சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன் நின்றால் எலும்பு வேகமாகத் தேயும். என் அக்காவும் இதே சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்குச் சொல்லாமல் குளிசையை நிறுத்தியிருந்தார். மூன்றாம் வருடம் கிணற்றடிப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஒரு டாக்டரின் அக்கா! இன்றைக்கும் அவரால் துலா இழுக்க முடியாது.

அம்மாவுக்குச் சிறுநீரகக் கல் இருந்திருந்தால், தைரொயிட் குளிசை எடுப்பவரென்றால், அடுத்த கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள். அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். கூழை இன்றைக்கே காய்ச்சுங்கள்.