பழைய கம்ப்யூட்டர்களைக் கிளஸ்டராக (பல மெஷின் சேர்ந்து ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யும் கூட்டமாக) இணைக்கும் மல்டிமீடியா லைவ் ஓஎஸ் (ஹார்ட் டிஸ்கில் ஏற்றாமலே ஓடும் ஓஎஸ்) ஒன்றை நாமே உருவாக்க முடியுமா?

முடியும். கடலூர் மஞ்சக்குப்பத்தில், கல்யாண வீடியோ கடையின் பின்கட்டில் உட்கார்ந்து நான் உருவாக்கியிருக்கிறேன். 'கிளஸ்டர்' என்ற சொல்லைப் பார்த்ததும் பழைய வலி கிளம்பிவிட்டது. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடைசி வருஷ மாணவர், லேபில் ஓரங்கட்டிய பத்துப் பெட்டி கிடக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான் வாய்த்தது. 2007 கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் மாமா பையன் ப்ரவுசிங் சென்டரை மூடினான். ஹார்ட் டிஸ்கையெல்லாம் தனியாக விற்றுவிட்டு, "எட்டு பென்டியம் ஃபோர் இருக்கு மச்சான், எடைக்குப் போடறதுக்குள்ள எடுத்துக்கோ" என்றான். டிஸ்க் இல்லாத பெட்டிக்கு லைவ் சிடியை விட்டால் வேறு கதி இல்லை.

அப்போது நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் லைவ் சிடி பிரபலம். சுருக்கி அடைத்ததில் 700 எம்பி சிடியில் 2 ஜிபி சரக்கு இருக்கும். டைன்போலிக் என்று இன்னொன்று, யாரோமில் என்ற இத்தாலிக்காரர் ஆரம்பித்தது, ஆடியோ வீடியோ வேலைக்கென்றே வந்தது. அதில் ஓப்பன்மோசிக்ஸ் என்ற கிளஸ்டர் சாஃப்ட்வேர் இருந்தது. நெட்வொர்க்கில் இருக்கிற மெஷின்கள் ஒன்றையொன்று தேடிப்பிடித்து, ஒன்றில் பாரம் ஏறினால் ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமை, அப்படியே இன்னொன்றுக்குத் தூக்கிப் போகும். படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

எனக்குத் தமிழ் எழுத்துருவும் நான் பழகிய ப்ளெண்டர் என்ற 3டி அனிமேஷன் சாஃப்ட்வேரும் வேண்டுமே. ஆகவே நாப்பிக்ஸைப் பிரித்து, வேண்டாததைக் கழற்றி, ஓப்பன்மோசிக்ஸ் சேர்த்த கெர்னலை (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கம்பைல் செய்து ஏற்றி, திரும்ப மூட்டை கட்டி சிடி சுட்டேன். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சிடி போனது. வீணான இருபத்து மூன்றையும் அம்மா கொய்யா மரத்தில் கிளி விரட்டக் கட்டிவிட்டார்.

கடைசியில் ஒரு ராத்திரி எட்டு டிரைவும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு எழுந்தன. இருந்தது ஒரே மானிட்டர். வயரை மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தேன். ஒவ்வொரு மெஷினின் பாரத்தையும் ஒரு குச்சியாகக் காட்டும் மோஸ்மோன் திரையில் எட்டுக் குச்சிகள். நாதஸ்வரக் கேசட்டிலிருந்து எடுத்த எட்டு வேவ் ஃபைலை ஓஜிஜி என்ற சுருக்கிய ஆடியோ வடிவுக்கு மாற்றச் சொன்னேன். முதல் குச்சி உயர்ந்தது, பிறகு அது இறங்கி மற்ற ஏழும் மெல்ல எழுந்தன. வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அடுத்து ப்ளெண்டரில் ஒரு கல்யாண வீடியோ டைட்டிலை ரெண்டர் போட்டேன், அதாவது படமாக வரைந்தெடுக்கச் சொன்னேன். ஒரே குச்சி உச்சியில், மற்றது எல்லாம் தரையில். விடிய விடியக் காத்திருந்தும் அசையவில்லை. த்ரெட்டுகளாக, அதாவது உள்ளேயே பல கிளை வேலைகளாக, பிரிந்து ஒரே மெமரியைப் பங்கிட்டு ஓடும் ப்ரோகிராமை ஓப்பன்மோசிக்ஸால் நகர்த்த முடியாது. எங்கள் கனமான சாஃப்ட்வேரெல்லாம் அந்த ரகம்தான். போதாததற்கு 2008 மார்ச்சில் அந்த ப்ராஜெக்டையே மூடிவிட்டார்கள்.

வழி கிடைத்தது ப்ளெண்டருக்குள்ளேயே. 'டச்', 'நோ ஓவர்ரைட்' என்று இரண்டு பட்டன். என் கடை மெஷினில் ஒரு என்எஃப்எஸ் ஃபோல்டர், நெட்வொர்க் வழியாக எல்லா மெஷினும் பங்கிடுவது. எட்டிலும் அதே ஃபைலைத் திறந்து ரெண்டர் போட வேண்டியதுதான். ஒரு மெஷின் ஃப்ரேமைத் தொடங்கும்போதே அந்தப் பெயரில் காலி ஃபைல் வைத்துவிடும், மற்றது அதைத் தாண்டி அடுத்ததை எடுக்கும். இருபது செகண்ட் டைட்டில் என்றால் 500 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு இரண்டு நிமிஷம் என்று ஒற்றை மெஷினில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓடியது, இரண்டு மணி சொச்சத்தில் முடிந்தது. கரண்ட் போய் வந்தாலும் சிடியிலிருந்து தானே எழுந்துவிடும், கெட்டுப்போக டிஸ்க்கே இல்லையே. அரைகுறையாய் நின்ற ஃப்ரேமின் காலி ஃபைலை மட்டும் அழித்துவிட வேண்டும்.

"அதெல்லாம் கிளஸ்டரா?" என்று ஐடி அண்ணன்கள் கிளம்புவார்கள். இல்லைதான். பெரிய கம்பெனிகள் கிளஸ்டரை நிர்வகிக்க வைத்திருக்கும் குபெர்னெட்டிஸ் தெரியாமல் எழுதவில்லை, என் வேலைக்கு அது தேவைப்படவில்லை.

நீங்கள் இன்று செய்வதானால் டெபியன் லினக்ஸின் லைவ்-பில்டை எடுங்கள், லைவ் ஓஎஸ் கட்டித்தரும் கருவி அது. சுருக்கி அடைப்பது (ஸ்க்வாஷ்எஃப்எஸ்), மாற்றங்களை மெமரியில் வைப்பது (ஓவர்லேஎஃப்எஸ்) எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். சிடி, பென்டிரைவ் வேண்டாம். ஒரு மெஷினிலிருந்து பிஎக்ஸ்இ வழியாக, அதாவது நெட்வொர்க் வழியாக, மற்றதை பூட் செய்யுங்கள், ஒரு திருத்தத்துக்குப் பத்துப் பென்டிரைவை மாற்றி எழுதும் கொடுமை இருக்காது. வீடியோ என்றால் துண்டு போட்டு ஒவ்வொரு மெஷினிலும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் ப்ரோகிராமை ஓட்டி, கடைசியில் ஒட்டுங்கள். ப்ளெண்டரில் அந்தப் பட்டன்கள் இப்போதும் இருக்கின்றன, 'டச்'சுக்கு 'ப்ளேஸ்ஹோல்டர்' என்று பெயர் மாறிவிட்டது, 'நோ ஓவர்ரைட்'டுக்குப் பதில் 'ஓவர்ரைட்' டிக்கை எடுத்துவிட வேண்டும். ஓஎஸ் தானாகப் பிரித்துக்கொடுக்கும் என்று மட்டும் கனவு காணாதீர்கள்.

அந்த முதல் எட்டு மெஷின் டைட்டில் யாருக்குச் செய்தேன் தெரியுமா? 2008 ஆவணியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் "பாட்டை மாத்துங்க, அத்தை மூஞ்சி சரியா விழல" என்று நான்கு தடவை நடக்கவிட்டுக் கடைசியில் பாக்கி நாலாயிரத்தைத் தரவே இல்லை. டிவிடி இன்னும் என் பீரோவில். அந்தக் கல்யாண ஜோடியின் பையன் போன வருஷம் பத்தாவது பரீட்சைக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க நம் கடைக்குத்தான் வந்தான். அறுபது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுத்தான் போனான்.