டிடிடி உள்ளடக்க விதியில் உள்ள குறிகளை எப்படி வாசிப்பது?

‘நூல்’ என்ற உறுப்புக்கு (தலைப்பு, ஆசிரியர்+, (விலை | இலவசம்)?, குறிப்பு*) என்று எழுதப்பட்ட எக்ஸ்எம்எல் டிடிடி விதியின் பொருளைக் கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்எம்எல் என்பது தரவை உறுப்புகளாகப் பிரித்துக் குறியிடும் மொழி; அதன் ஆவணத்தில் எந்த உறுப்புக்குள் எவை, எந்த வரிசையில் வரலாம் என்று வரையறுப்பது டிடிடி. காற்புள்ளி வரிசையைக் கட்டாயமாக்குவதால், தலைப்பு ஒரே ஒருமுறை முதலில் வந்து, அதன்பின் ஆசிரியர் வர வேண்டும்; கூட்டல் குறி இருப்பதால் குறைந்தது ஓர் ஆசிரியராவது தேவை. செங்குத்துக் கோடு இரண்டில் ஒன்றை மட்டும் ஏற்கிறது. அடைப்புக்கு வெளியே உள்ள கேள்விக்குறியோ அந்தத் தேர்வையே விட்டுவிடவும் இடமளிக்கிறது. நட்சத்திரக் குறி பெற்ற குறிப்பு எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம்.

உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது: ((அ, ஆ) | (அ, இ)) என்பது பார்வைக்குச் சரியாகத் தோன்றினாலும், ‘அ’வைக் கண்டவுடன் எந்தக் கிளையில் நிற்கிறோம் என்பதை அடுத்த உறுப்பைப் பார்க்காமல் மென்பொருளால் முடிவுசெய்ய இயலாது என்பதால், 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0இன்படி அது பிழையாகும். எல்லா மென்பொருள்களும் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை என்பது கூடுதல் தொல்லை. (அ, (ஆ | இ)) என்று எழுதினால் பொருள் மாறாமல் பிழை நீங்கும்.