டேங்கர் கவிழாமல், கசியாமல்: கேட்டதும் சொன்னதும்

22 வருடம் டேங்கர் ஓட்டியவன் நான். முதலில் ஆசிட், பிறகு பெட்ரோல், கடைசியாக நாமக்கல்லில் கேஸ் புல்லட், அதாவது சமையல் கேஸ் ஏற்றும் உருளை வடிவ டேங்கர். இப்போது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஓட்டுநர்களும் மற்றவர்களும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

தருமபுரி, டிரெய்லர் ஓட்டுநர்: அண்ணே, தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சமாகும்னு சீனியருங்க சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?

பண்ணுகிறார்கள் தம்பி. தொப்பூரில் நடக்கும் விபத்துகளில் பாதிக்குக் காரணமே அதுதான் என்பது என் கணக்கு. கியரில் இருந்தால் வண்டியை என்ஜினே பிடித்து இழுக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்தச் சுமையும் பிரேக் லைனிங் தலையில் விழும். அது சூடேறச் சூடேறப் பிடிப்பு குறையும். நீ மேலும் மேலும் மிதிப்பாய், பிரேக்கை இயக்கும் ஏர் இறங்கும். சாவியையே அணைத்துவிடுகிற ஆட்களும் உண்டு. அப்போது அந்த ஏரை நிரப்பும் கம்ப்ரஸரும் ஓடாது, பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதே கியர். மிச்சமாகும் டீசல் ஒரு டீ காசுக்குத் தேறுமா?

கரூர், பெட்ரோல் டேங்கர் ஓட்டுநர்: முழு லோடுல நிதானமா போற வண்டி, பாதி இறக்கினப்புறம் ஏன் ஆட்டம் காட்டுது?

தலையில் தண்ணீர்க் குடம் சுமந்தவர்களைக் கேட்டுப் பார். நிறைகுடம் அசையாது, அரைக்குடம்தான் தளும்பும். வளைவில் வண்டி இடப்பக்கம் திரும்பினால் உள்ளே இருப்பது வலப்பக்கம் ஏறும். ஏற்கெனவே உயரமான வண்டி, எடையும் ஒரு பக்கம் போய்விட்டால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அதை நீ உணரும்போது ஸ்டீயரிங் உன் கையில் இருக்காது. பிரேக் போட்டாலும் இதே கதைதான். வண்டி நின்ற பிறகு பின்னாலிருந்து ஒரு தள்ளு வரும், அதில் சிக்னல் கோட்டைத் தாண்டியவர்கள் உண்டு.

பெட்ரோல் வண்டியில் தனித்தனி அறைகள் இருப்பதால் ஓரளவு தப்பிக்கிறோம். ஒரு அறையை முழுக்கக் காலி செய்துவிட்டு அடுத்ததற்குப் போ, எல்லாவற்றிலும் பாதிப் பாதி வைக்காதே. வளைவில் 40-ல் போவதற்குப் பதில் 60-ல் போனால் வண்டியை வெளியே இழுக்கும் விசை ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. வேகப் பலகையில் போட்டிருப்பது காருக்கும் சேர்த்து. டேங்கருக்கு அதிலும் குறைத்துக்கொள்.

கோவை, பள்ளி ஆசிரியை: அவிநாசி சாலை மேம்பாலத்தில் கேஸ் லாரி கவிழ்ந்ததே, புல்லட் மட்டும் எப்படி ஐயா தனியாகக் கழன்றது?

2025 ஜனவரி 3, விடியற்காலை. கொச்சியிலிருந்து வந்த வண்டி, உள்ளே 18 டன் கேஸ். முன்னால் இழுக்கும் வண்டியையும் பின்னால் இருக்கும் டேங்கையும் இணைப்பது ஒரு தடித்த இரும்பு முளை (பின் என்போம்), அதைக் கவ்விப் பிடிக்கும் ஒரு தட்டு, அவ்வளவே. அந்த இணைப்பு விட்டுப்போனதால் டேங்க் பாலத்திலேயே சாய்ந்தது. தீப்பிடிக்காதது பெரிய புண்ணியம். பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் சரியான முடிவு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் சாக்கடை, பள்ளம், கட்டடத்தின் அடித்தளம் என்று ஊர்ந்து போகும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தது தீயை அணைக்க இல்லை, கசிந்த வாயு ஓரிடத்தில் தங்காமல் கலைக்க.

எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது பெயின்ட் அடிக்கக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை அந்தப் பின்னுக்கும் காட்டச் சொல்லி முதலாளிகளிடம் மன்றாடுகிறேன். டேங்கை மாட்டியதும் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துவைத்து, முன்வண்டியை மெதுவாக இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

நாமக்கல், புதிய ஓட்டுநர்: வால்வு உடைஞ்சாலும் தானா மூடிக்கும்னு சொல்றாங்களே அண்ணே?

மூடிக்கொள்ளும், ஆனால் அதை நம்பித் தூங்காதே. குழாய் ஒரேயடியாக முறிந்து வாயு மளமளவென்று பாய்ந்தால்தான் அந்த வால்வு அடைக்கும். விரிசலில் மெல்லக் கசிந்தால் அதற்குத் தெரியாது. 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூர் அருகே பாங்க்ரோட்டாவில் யூ டர்ன் போட்ட கேஸ் டேங்கர் மேல் ஒரு லாரி மோதியதில் வால்வுப் பகுதி உடைந்தது. பரவிய வாயு பற்றி, சாலையில் நின்ற வண்டிகள் வரிசையாக எரிந்தன. யூ டர்ன் போட 18 மீட்டர் வண்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பார். ஐந்து கிலோமீட்டர் சுற்றினாலும் பாலத்தடி வழியாகவே போ.

கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவர்: டேங்கரின் பின்னால் எழுதியிருக்கும் நான்கு இலக்க எண் எதற்கு?

உள்ளே என்ன இருக்கிறது என்று உலகம் முழுக்க ஒரே மாதிரி சொல்லும் எண். பெட்ரோலுக்கு 1203, சமையல் கேஸுக்கு 1075, கந்தக அமிலத்துக்கு 1830. விபத்தைப் பார்த்து 112-க்கு அழைக்கும்போது தூரத்திலிருந்தே அதைப் படித்துச் சொல்லுங்கள், வருகிறவர்கள் நுரையோடு வருவதா தண்ணீரோடு வருவதா என்று முடிவாகிவிடும். கேஸ் என்றால் 1906-க்கு அழையுங்கள். படிக்கப் பக்கத்தில் போக வேண்டாம், போனில் ஜூம் பண்ணினால் போதும்.

ஓமலூர், விவசாயி: கவிழ்ந்த வண்டியில் வீணாகப் போகும் டீசலைப் பிடித்துக்கொண்டால் என்ன தப்பு?

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2017 ஜூன் 25, பாகிஸ்தானில் பகாவல்பூர் பக்கம் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. கேனும் குடமுமாக ஊரே ஓடியது. தீப்பிடித்ததில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். சிந்தியது பெட்ரோலா டீசலா என்று தூரத்திலிருந்து உங்களுக்கு எப்படித் தெரியும்? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் விலகி நில்லுங்கள். தீயணைப்புத் துறை வந்து சரி என்று சொன்ன பிறகு, வாய்க்காலில் இறங்காதபடி மண்ணைப் போட்டு வரப்புக் கட்டிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

சேலம்: பெட்ரோல் லாரிக்கு அடியில் தொங்கும் சங்கிலி எதற்கு?

பொறி உண்டாக்கும் நிலைமின்சாரத்தைத் தரையில் இறக்க என்பார்கள், ஆனால் பெரும்பாலும் பழக்கதோஷம். லோடு ஏற்றும்போது வண்டியைத் தரையோடு கம்பியால் இணைக்க மாட்டும் எர்த் கிளிப்தான் உயிர் காப்பது.

மேட்டூர், ஆசிட் லாரி உரிமையாளர்: கந்தக அமில டேங்கை நாங்களே கழுவி வெல்டிங் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். 98 சதவீத அமிலம் இரும்பை அவ்வளவாகத் தின்னாது, அதனால்தான் இரும்பு டேங்கில் போகிறது. தண்ணீர் பட்டு நீர்த்துவிட்டால் இரும்பை அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். அதன் மேல் வெல்டிங் பொறி விழுந்தால் டேங்க் வெடிகுண்டு. மழையில் மூடி சரியாக இல்லாமல் நின்ற காலி வண்டிக்கும் இதே ஆபத்துதான், உள்ளிருந்தே ஓட்டை விழும்.

திருப்பூர், கிளீனர்: அண்ணே, உங்க வண்டி எப்பவாவது ஒழுகியிருக்கா?

ஒழுகியிருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் லோடு. மேல்மூடியின் கேஸ்கெட், அதாவது கசியாமல் அடைக்கும் வளையம், நைந்திருந்ததைப் பார்த்தேன், நேரமாகிவிட்டது என்று இரண்டு போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டுக் கிளம்பினேன். பவானி தாண்டி ஒரு வேகத்தடையில் குலுங்கியதும் மேலே தெறித்து, பின்னால் டிவிஎஸ் 50-ல் வந்தவர் தோளில் விழுந்தது. இளநீர்க் கடைக்காரர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார், கால் மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தோம். தோல் சிவந்ததோடு போயிற்று, சட்டை சல்லடையானது. அந்த மனிதர் என்னைத் திட்டக்கூட இல்லை. "மூடியைப் பார்க்கறதில்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு ஓட்டிய வருடங்கள் முழுக்க சீட்டுக்கு அடியில் இரண்டு புது கேஸ்கெட் வைத்திருந்தேன்.