ஓட விட்டால் அடங்கிவிடுமா?

கேள்வி: காப்பகத்தில் ஒரு நாயைப் பார்த்தோம். ஆண், ஒன்றரை வயது, 30 கிலோ இருக்கும். கம்பி வலைமேல் பாய்ந்து பாய்ந்து குரைக்கிறது, கயிறு கட்டி வெளியே கொண்டுவந்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகிறது. ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததாம். என் கணவருக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான், ஆனால் வீட்டில் 7 வயது மகள் இருக்கிறாள், அதனால் பயம். தினமும் நன்றாக ஓட விட்டால் தானாக அடங்கிவிடும் என்கிறார் அவர். எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் ஓட விட்டால் அடங்கிவிடும் என்று நம்பி எடுக்காதீர்கள். நானும் அப்படி நம்பி, இதே மாதிரி ஒரு தடியனோடு எட்டு மாதம் விடியற்காலையில் ஓடியிருக்கிறேன். கடைசியில் எனக்கு முழங்கால் வலி வந்தது, அவனுக்குப் பந்தயத்தில் ஓடுகிற உடம்பு வந்தது. தினமும் ஓட ஓடத் தெம்பு கூடத்தானே செய்யும், அதனால் போன மாதம் அரை மணி நேரத்தில் நாக்கைத் தொங்கப்போட்ட நாய் இந்த மாதம் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு வந்து, அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்க்கும்.

ஓட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது மட்டும் போதாது. இந்த மாதிரி நாய்களுக்கு மூக்குக்கு வேலை வேண்டும், அப்புறம் சும்மா படுத்திருக்கவும் பழக்க வேண்டும். நடைக்குப் போகும்போது ஒவ்வொரு செடியடியிலும் நின்று மோந்து பார்த்தால் இழுக்காமல் விடுங்கள், அவசரமில்லை. நின்று நின்று போகிற இருபது நிமிட நடை பல நாய்களை ஒரு மணி நேர ஓட்டத்தைவிட நன்றாக அமைதிப்படுத்தும். ஒரு வேளைத் தீனியைத் தட்டில் வைக்காமல் புல்லிலோ பழைய துண்டு மடிப்புகளிலோ தூவிவிட்டுத் தேடித் தின்னச் சொல்லலாம். சும்மா இருக்கப் பழக்குவதுதான் யாரும் செய்யாத வேலை. பாயில் தானாகப் போய்ப் படுக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் ஒரு துண்டு தின்பண்டத்தை அதன் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொஞ்சாதீர்கள், கொஞ்சினால் எழுந்துவிடும். நாள் ஒன்றுக்குப் பத்துத் தடவை இப்படிச் செய்தால் சில வாரங்களில் படுப்பதிலும் லாபம் இருக்கிறது என்று அதற்குப் புரியும். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதியைத் தூங்கித்தான் கழிக்க வேண்டும், தூக்கம் போதாத நாயும் துள்ளும். அழுகிற குழந்தைக்குத் தூக்கம் என்று நமக்குத் தெரிகிறது, நாய் என்றால் மட்டும் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

சரி, இந்த நாய்க்கு வருகிறேன். கூண்டுக்குள் குரைப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாளின் பெரும்பகுதியைக் கம்பிக்குப் பின்னால், நூறு குரைப்புகளுக்கு நடுவில் கழிக்கிற எந்த நாயும் அப்படித்தான் இருக்கும். காப்பகத்துக்காரர்களிடம் சொல்லி அமைதியான ஓர் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கயிற்றை அவர்கள் பிடித்திருக்க, நீங்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து இருபது நிமிடம் ஒன்றுமே செய்யாமல் பாருங்கள். சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு உங்களிடம் திரும்பி வருகிறதா? மேலே பாயும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் நாலு காலும் தரைக்கு வருகிறதா? எங்காவது தடால் என்று சத்தம் கேட்டால் திடுக்கிடுவது சகஜம், அதிலிருந்து எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு தடவை போதாது, வேறு வேறு நாளில் இரண்டு மூன்று தடவை போங்கள், ஒரு தடவையாவது மகளோடு.

ஏன் திரும்பி வந்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ‘சமாளிக்க முடியவில்லை’ என்பதும் ‘கடித்துவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. முதலாவது என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. ஒன்றரை வயது என்பது விடலைப் பருவம், உடம்பு வளர்ந்திருக்கும், புத்தி வந்திருக்காது. பெரிய நாய்களுக்கு நிதானம் வர இரண்டு வயதாகும், சிலதுக்கு மூன்றுகூட ஆகும். குட்டியாக இருந்தபோது மேலே ஏறினால் சிரித்தவர்கள், அதே நாய் 30 கிலோ எடையோடு ஏறும்போது கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். கடித்தது என்று பதில் வந்தால், குழந்தை உள்ள வீட்டுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். கூண்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கும் இனப் பெயரையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தோற்றத்தைப் பார்த்து ஊகித்த இனம் மரபணுச் சோதனையில் அடிக்கடி தவறாகிப் போகிறது.

மகள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பெரியவர் யாரும் இல்லாத அறையில் இருவரும் தனியாக இருக்கக் கூடாது, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும். தூங்கும்போதும் தின்னும்போதும் கிட்டப் போகக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது (நமக்குத்தான் அது அன்பு, பல நாய்களுக்கு அது சிறைப்பிடிப்பு). நடைக்குப் போகும்போது கயிறு அவள் கையில் இருக்கக் கூடாது. அவளைக் கண்டு துள்ளினால் அவள் ஓடாமல், கையைக் கட்டிக்கொண்டு மரம்போல நிற்கப் பழகட்டும். ஓடினால் அதற்கு அது விளையாட்டு.

கேள்வி: அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு, தனியாக இருக்கிறேன். பெரிய நாய் பாவம் இல்லையா?

பதில்: வீட்டின் அளவு அவ்வளவு முக்கியமில்லை. தோட்டம் இருக்கிற வீட்டில் நாயைத் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்களைவிட, தினமும் இரண்டு வேளை கூட நடக்கிற மாடி வீட்டுக்காரர் எவ்வளவோ மேல். நீங்கள் எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன். பத்து மணி நேரம் என்றால், நடுவில் வந்து வெளியே அழைத்துப்போக ஓர் ஆள் கிடைத்த பிறகு நாயைப் பாருங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: காப்பகத்திலிருந்து பெரிய நாய் ஒன்றை அழைத்துவந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் இருக்கிற இடமே தெரியவில்லை. இப்போது செருப்பைக் கடிக்கிறது, கயிற்றை இழுக்கிறது, தீனியை இரண்டே நிமிடத்தில் விழுங்குகிறது. தவறு செய்துவிட்டோமோ?

பதில்: முதல் வாரம் நீங்கள் பார்த்தது சாது நாயை அல்ல, மிரண்ட நாயை. இப்போதுதான் பயம் விட்டிருக்கிறது. மிரட்சி தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பழக 3 வாரம், இது நம் வீடு என்று நம்ப 3 மாதம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லா நாய்க்கும் பொருந்தாது, இருந்தாலும் உங்கள் நாய் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான் போகிறது.

செருப்புகளை உயரத்தில் வையுங்கள், மெல்லுவதற்கென்று கெட்டியான பொருள் ஒன்றைக் கொடுங்கள். இழுப்பதற்குக் கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு, மார்புப் பக்கம் வளையம் உள்ள உடல்பட்டை வாங்குங்கள். இழுத்தால் அது நாயை உங்கள் பக்கமே திருப்பிவிடும். கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள், பரவாயில்லை. தானாக நீளும் கயிறு மட்டும் வேண்டாம், வேகமெடுத்து ஓடுகிற பெரிய நாயை அதில் நிறுத்த முடியாது.

தீனியை விழுங்குவதுதான் எனக்குக் கவலை. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரே வேளையில் மொத்தமாக வைப்பதும் அவசரமாக விழுங்குவதும் அந்த ஆபத்தைக் கூட்டும். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, மேடு பள்ளமுள்ள தட்டில் வையுங்கள், தின்றவுடன் ஓட விடாதீர்கள். என்றாவது வயிறு உப்பி, நிலைகொள்ளாமல் அலைந்து, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் நடு இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு ஓடுங்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள்.