இன்டெலிபிள் என்றால் என்ன, எங்கே பயன்படுத்துவது?

கழுவினாலும் துடைத்தாலும் அழிக்க முடியாதது என்பதே இன்டெலிபிள் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள். கம்ப்யூட்டரில் தினமும் அழுத்துகிறோமே டெலிட், அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான்: அழித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினை. முன்னால் நிற்கும் 'இன்' அதை மறுக்கிறது.

இதற்கு நம் விரலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. வாக்குச்சாவடியில் இடது ஆள்காட்டி விரலில் வைக்கும் மைக்கு ஆங்கிலத்தில் இன்டெலிபிள் இங்க் என்றே பெயர். 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் இதைத் தயாரித்துத் தருகிறது. மையில் உள்ள சில்வர் நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். அப்புறம் எந்த சோப்பும் பலிக்காது. நகத்தில் இட்ட மருதாணி போலத்தான். நகம் வளர்ந்தால்தான் போகும்.

மை, கறை, தடம் தவிர, மனதில் பதிந்த நினைவுக்கும் இச்சொல் வரும். ஒரு ஆசிரியர் நம்மிடம் விட்டுச்சென்ற தாக்கத்தை இன்டெலிபிள் இம்ப்ரெஷன் என்று எழுதலாம், அழகாகவே இருக்கும். நிரந்தர வேலை, நிரந்தர முகவரிக்கெல்லாம் பொருந்தாது. அங்கே பர்மனென்ட் தான் சரி.

பலர் இதை இன்எடிபிள் என்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது சாப்பிடத் தகாததைக் குறிக்கும் வேறு சொல்.